மண்ணை அறிந்த பொறியாளர்

வீடு கட்டுவோர் முதலில் செய்வது வானம் தோண்டுதல். கடைக்கால் எவ்வளவு ஆழம் செல்ல வேண்டும் என்பதை முற்காலத்தில் கொத்தனாரின் பட்டறிவே முடிவு செய்தது. இறுகிய நிலத்தில் அவ்வறிவு போதுமானதாக இருந்தது. கடலோர நிலத்தின் இயல்பு வேறு. மேலே மணல் பரந்திருக்க, அடியில் மென்களிமண் மறைந்திருக்கும். அத்தகைய நிலத்தில் எழுப்பிய கட்டடங்கள் பல, ஆண்டுகள் கழித்து அமிழ்ந்தன, சில சாய்ந்தன. அதன் காரணத்தை ஆராய்ந்து, மண் இயக்கவியல் என்னும் துறைக்கு அடிகோலியவர் கார்ல் டெர்சாகி.

இவர் 1883ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிராகா நகரில் பிறந்தார். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இயந்திரப் பொறியியல் பயின்றார். நிலவியலிலும் நாட்டம் கொண்டார். 1912இல் அமெரிக்கா சென்று, அணை கட்டும் இடங்களை நேரில் கண்டு குறிப்புகளைத் திரட்டினார். ஆயினும் அவற்றிலிருந்து பொதுவிதி எதனையும் அவரால் வகுக்க இயலவில்லை. ஒரே பெயரால் வழங்கும் மண், ஓரிடத்தில் சுமையைத் தாங்கியது, வேறிடத்தில் நழுவியது. மண்ணின் பெயரை அறிவது போதாது, அதன் பண்புகளை அளந்தறிய வேண்டும் என்பதை அத்தோல்வியே அவருக்கு உணர்த்தியது.

1916இல் இஸ்தான்புல் நகரின் பொறியியல் கல்லூரியில் ஆசிரியரானார். முதல் உலகப்போரின் முடிவில் அப்பணியை இழந்தார். பின்னர், பாஸ்பரஸ் நீரிணைக் கரையிலுள்ள இராபர்ட் கல்லூரியில் குறைந்த ஊதியத்தில் பணியேற்றார். அங்கு மண்ணாய்வுக்குரிய கருவிகள் இல்லை. அவர் மனம் தளரவில்லை. சுருட்டுப் பெட்டிகளையும் கழித்துப்போட்ட பொருள்களையும் கொண்டு தாமே கருவிகளை அமைத்தார். களிமண்ணை வளையத்துள் இட்டு, மேலே எடையேற்றி, அது அமிழும் அளவை நாள்தோறும் குறித்தார்.

ஆய்வின் முடிவில் உண்மை புலப்பட்டது. நீர் நிறைந்த களிமண்ணின் மீது சுமை ஏறும்போது, துகள்களுக்கு இடையே உள்ள நீரே முதலில் அதனைத் தாங்குகிறது. நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேற, சுமை துகள்களுக்கு மாறுகிறது. மண் நெருங்கிச் சுருங்குகிறது. கட்டி முடித்துப் பல்லாண்டு கழிந்தும் கட்டடம் அமிழ்வதன் காரணம் இதுவே. இவ்வாய்வுகளின் பயனாக 1925இல் அவர் வெளியிட்ட ஜெர்மன் நூல், புதிய துறையின் தொடக்கமாயிற்று. 1936இல் ஹார்வர்டில் நடைபெற்ற முதல் உலக மண் இயக்கவியல் மாநாட்டுக்கு அவரே தலைமை ஏற்றார்.

ரால்ப் பெக்குடன் இணைந்து 1948இல் அவர் எழுதிய நூல், தர ஊடுருவல் சோதனை பரவ வழிவகுத்தது. துளையிட்ட நிலத்தில் குழாயை நிறுத்தி, 63.5 கிலோ எடையை ஏறத்தாழ 75 செ.மீ. உயரத்திலிருந்து விழச் செய்வர். குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடிகள் வேண்டும் என எண்ணுவர். எண்ணிக்கை குறைந்தால் மண் நெகிழ்ந்தது எனக் கொள்வர். நம் கடற்கரை நகரங்களில் மாடிக் கட்டடம் எழுப்பும் முன்னும் இச்சோதனை நடைபெறுகிறது.

கணக்கிட்டதோடு கடமை முடிந்ததென அவர் கருதியதில்லை. பணி நடக்கும் இடத்துக்கே சென்று நிலத்தை உற்றுநோக்கினார். எதிர்பார்த்ததற்கு மாறாக நிலம் அமைந்திருப்பின் திட்டத்தை மாற்றவும் தயங்கவில்லை. 1963ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் மறைந்தார். கனடாவில் அவர் பணியாற்றிய அணையொன்று இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மண்ணை ஆராய்ந்த பின்னரே அதன்மேல் சுமையேற்ற வேண்டும் என்பதே அவர் வாழ்வு விட்டுச்சென்ற பாடம்.