உடையவர் தொட்ட கை

இன்று கார்த் தொழிற்சாலைகளால் அறியப்படும் ஸ்ரீபெரும்புதூருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே புகழ் சேர்த்தவர் இராமானுசர். மரபின் கணக்குப்படி அவர் அவ்வூரில் அவதரித்த ஆண்டு 1017.

இளமையில் காஞ்சியில் வாழ்ந்தபோது, வைசிய குலத்தவரான திருக்கச்சி நம்பியைத் தம் குருவாகவே கருதினார். நம்பி உண்டு எஞ்சியதைத் தாம் உண்ண விழைந்து அவரை விருந்துக்கு அழைத்தார். வெளியே சென்று திரும்புவதற்குள் நம்பி உண்டு சென்றிருந்தார். எச்சிலிடம் கழுவப்பட்டு, மனைவி தஞ்சமாம்பாள் நீராடிப் புதிதாகச் சமைத்துக்கொண்டிருந்தார். குருபரம்பரை நூல்கள் அந்த அம்மையைக் கடிந்தே பேசும். அவர் செய்ததோ, அக்காலத் தெரு எதிர்பார்த்ததைத்தான்! ஒருவருடைய நல்லெண்ணம் அவர்தம் வீட்டு அடுக்களையைக்கூட மாற்றவில்லை.

துறவு பூண்டு திருவரங்கம் சேர்ந்தபின் அவர் வழி வேறாயிற்று. காவிரிக்கு நீராடச் செல்லுங்கால் அந்தணரான முதலியாண்டானின் தோளைப் பற்றிச் செல்வார். நீராடி மீள்கையில் உறையூர் மல்லரான பிள்ளை உறங்காவில்லி தாசரின் கையைப் பற்றி வருவார். சீடர்கள் முணுமுணுத்தனர். அவர் வாதாடவில்லை. ஓரிரவு அவர்களுடைய ஆடைகளைச் சிறிது கிழித்துவைக்கச் செய்தார். விடிந்ததும் அதற்காகப் பெரும்பூசல் மூண்டது. பின்னர் தாசரைத் தம்மோடு பேச்சில் நிறுத்திக்கொண்டு, அச்சீடர்களையே தாசர் இல்லத்துக்கு ஏவினார். உறங்குவதுபோல் கிடந்த பொன்னாச்சி, ஒருபக்கத்து நகைகளை அவர்கள் கழற்றியதும் மறுபக்கத்து நகைகளையும் எடுத்துக்கொள்ளட்டும் எனப் புரண்டாள். அவர்கள் அஞ்சி ஓடினர். வீடு திரும்பிய தாசரோ, கொடுப்பவள் தான் என்று எண்ணியதற்காக மனைவியைக் கடிந்துகொண்டார். மறைந்து நின்று கேட்ட சீடர்களே அதை மடத்தில் வந்து உரைக்க வேண்டியதாயிற்று. முணுமுணுத்த வாய்களே சாட்சியாயின.

தனியொருவர் ஒழுக்கம் அவரோடு மறைந்துவிடும் என்பதையும் அவர் அறிந்திருந்தார் போலும். எழுபத்து நான்கு ஆசாரியர்களை நியமித்தார். திருக்குருகைப் பிரான் பிள்ளானைக் கொண்டு திருவாய்மொழிக்கு முதல் உரை எழுதுவித்தார். வேளாளர் குலத்து நம்மாழ்வாரின் தமிழ், வேதத்துக்கு நிகராக அமர்ந்தது.

மேல்கோட்டையில், தமக்கு உதவிய தீண்டப்படாத மக்களைத் திருக்குலத்தார் என அழைத்து, ஆண்டில் மூன்று நாள் அவர்கள் ஆலயம் புகும் உரிமையை ஏற்படுத்தினார் என்பது மரபு. அம்மூன்று நாள் வழக்கமாகி நிலைத்தது. எஞ்சிய நாள்களோ நெடுங்காலம் காத்திருந்தன. சென்னை மாகாணத்தில் எல்லா இந்துக்களுக்கும் ஆலயக் கதவைத் திறந்த சட்டம் வந்தது 1947-இல்.