ஒரேயொரு நோயாளி கற்பித்த பாடம்
வைத்தியர் அலோயிஸ் அல்சைமரின் வாழ்க்கை

அல்சைமர் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதியோரின் நினைவைச் சிறிது சிறிதாக அழித்து, பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்க வைக்கும் நோயின் பெயர் அது. ஆனால் அது முதலில் ஒரு வைத்தியரின் பெயர். அவர் இந்நோயை உலகுக்கு எடுத்துக் காட்டியது ஒரேயொரு நோயாளியைக் கொண்டு என்பதை நம்மில் பலர் அறியோம்.

அலோயிஸ் அல்சைமர் 1864ஆம் ஆண்டு யூன் மாதம் 14ஆம் திகதி, ஜேர்மனியின் பவேரியாவிலுள்ள மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் ஒரு நொத்தாரிசு. மருத்துவம் கற்று 1887இல் பட்டம் பெற்ற அலோயிஸ், அடுத்த ஆண்டு பிராங்க்பேர்ட் நகர மனநோய் வைத்தியசாலையில் பணியேற்றார். மனநோயாளரைக் கட்டி வைப்பதும் அடைத்து வைப்பதும் பல இடங்களில் வழக்கமாயிருந்த காலம் அது. அங்கோ அவரும் அவருடைய தலைமை வைத்தியரும் அவ்வழக்கத்தைக் குறைத்து, நோயாளரோடு இருந்து பேசும் முறையைக் கைக்கொண்டனர். நோயாளரைக் கவனித்த பின் எஞ்சிய நேரத்தை அவர் நுணுக்குக்காட்டியோடு கழித்தார்.

1901ஆம் ஆண்டு அவருக்குத் துயர் நிறைந்த ஆண்டு. மூன்று பிள்ளைகளை விட்டு அவருடைய மனைவி பெப்ரவரியில் இறந்தார். அவ்வாண்டு நவம்பர் 25ஆம் திகதி, 51 வயதுப் பெண் ஒருவர் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார். மருத்துவ உலகம் அவரை ஆகுஸ்தே டி. என்றே அறியும். அல்சைமர் அவரருகே அமர்ந்து கேள்வி கேட்டு, விடைகளை அப்படியே எழுதி வைத்தார். பெயரைக் கேட்டபோது அப்பெண் ஆகுஸ்தே என்றார். கணவரின் பெயரைக் கேட்டபோதும் ஆகுஸ்தே என்றே சொன்னார். பன்றி இறைச்சியும் கோலிபிளவரும் உண்டுகொண்டிருந்தவர், தாம் உண்பது பசளிக்கீரை என்றார். தம் பெயரை எழுதத் தொடங்கி, இடையில் மறந்து நிறுத்தினார்.

வயோதிபத்தில் நினைவு மங்குவதை அன்றைய வைத்தியர்கள் அறிவார்கள். ஆனால் 51 வயதில் இவ்வாறு நேர்வது அவர்கள் பழகிய எந்த வகையிலும் அடங்கவில்லை. அறிந்த ஏதேனும் ஒரு பெயரை எழுதிக் கோப்பை மூடிவிடுவது இலகு. அல்சைமர் அப்படிச் செய்யவில்லை. 1903இல் வேறிடம் மாறி மியூனிச் நகருக்குச் சென்ற பின்னரும் அந்த நோயாளியை அவர் மறக்கவில்லை. 1906 ஏப்ரல் 8ஆம் திகதி அப்பெண் இறந்ததும், அவருடைய கோப்பும் மூளையும் அல்சைமரிடம் அனுப்பப்பட்டன.

மூளையின் மேற்படை மெலிந்து சுருங்கியிருந்தது. வெள்ளி உப்பினால் சாயமேற்றிப் பார்த்தபோது இரண்டு மாற்றங்கள் தெரிந்தன. நரம்புக் கலங்களுக்குள்ளே சிக்குண்ட நூல்போன்ற இழைகள் இருந்தன. கலங்களுக்கு வெளியே ஏதோவொரு பொருள் சிறு சிறு படிவுகளாகப் படிந்திருந்தது. இவை இரண்டும் புரதங்களின் கோளாறால் உண்டாவன என்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

அவ்வாண்டு நவம்பர் 3ஆம் திகதி தூபிங்கனில் நடந்த வைத்தியர் மாநாட்டில் இதனை அவர் விளக்கினார். ஒருவரும் கேள்வி எழுப்பவில்லை. சபை அடுத்த விடயத்துக்குச் சென்றுவிட்டது. அவர் மனந்தளராமல் 1907இல் அதனைச் சிறு கட்டுரையாக வெளியிட்டார். அதைப் படித்தவர்களுக்கு எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்தது. ஒத்த நோயாளர் வேறிடங்களிலும் காணப்பட்டனர். 1910இல் பேராசிரியர் கிரெப்பெலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார். 1911இல் அல்சைமர் வேறொரு நோயாளியைப் பற்றி விரிவாக எழுதினார். அம்மனிதரின் மூளையில் படிவுகள் இருந்தன, சிக்குண்ட இழைகள் காணப்படவில்லை. முதற் கூற்றோடு பொருந்தாததையும் அவர் மறைக்கவில்லை.

1912இல் பிறெஸ்லவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான அவர், நோயுற்று 1915 டிசம்பர் 19ஆம் திகதி காலமானார். அப்போது அவருக்கு வயது 51. ஆகுஸ்தே வைத்தியசாலைக்கு வந்தபோதும் அதே வயதுதான். பிராங்க்பேர்ட்டில் மனைவியின் அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

இனித்தான் வியப்பு. இது நடுத்தர வயதினரைத் தாக்கும் அரிய நோய் என்றே சுமார் அரை நூற்றாண்டு காலம் வைத்தியர்கள் எண்ணியிருந்தனர். முதியோரின் மறதிக்கு முதுமையையும் இரத்தக் குழாய்கள் இறுகுவதையும் காரணமாகக் கூறினர். 1960களில் இங்கிலாந்தின் நியூகாசிலில், இறந்த முதியோரின் மூளைகளை ஆராய்ந்தபோது, பலவற்றில் அல்சைமர் கண்ட அதே மாற்றங்கள் இருந்தன. அரியதென்று ஒதுக்கப்பட்டது உண்மையில் மிகப் பரவலான நோயாயிருந்தது! 2021இல் உலகில் 5 கோடி 70 இலட்சம் பேர் நினைவிழப்பு நோய்களோடு வாழ்ந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவர்களுள் பெரும்பாலோரைப் பீடித்தது அல்சைமர் நோயே.

ஒரு நோயாளியின் கதை எதையும் முடிவாக நிரூபிக்காது. ஒருவரில் கண்டதை எல்லாருக்கும் உரியதென்று சொல்லிவிடவும் முடியாது. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று அது விரல் நீட்டிக் காட்டுகிறது. அதற்கு எழுதியவர் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்க வேண்டும். ஆகுஸ்தேயின் கோப்பு 1995இல் பிராங்க்பேர்ட்டில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அவருடைய மூளையிலிருந்து தயாரித்த கண்ணாடித் தட்டுகளும் சில ஆண்டுகளின் பின் மியூனிச்சில் கிடைத்தன. புதிய கண்கள் அவற்றைப் பார்த்தபோதும் அல்சைமர் எழுதியவையே அங்கிருந்தன.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு அம்மம்மாவோ அப்பப்பாவோ கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கலாம். வைத்த பொருளை ஒளித்துவிட்டுப் பிறரைச் சந்தேகிக்கலாம். வயது போனால் இப்படித்தான் என்று சொல்லிக் கைவிட்டுவிடாதீர்கள். வேண்டுமென்று செய்கிறார் என்று ஏசவும் வேண்டாம். எப்போது தொடங்கியது, எதை மறக்கிறார், எதனால் கலங்குகிறார் என்பதைக் கவனித்து ஒரு கொப்பியில் எழுதி வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். நோயை முற்றாக மாற்ற மருந்து இன்னும் இல்லை. ஆயினும் மறதிக்கு மாற்றக்கூடிய வேறு காரணம் இருந்தால் வைத்தியர் அதைக் கண்டறிவார். அத்தோடு, அவரருகே அமர்ந்து பொறுமையோடு செவிகொடுங்கள். அல்சைமரும் தம் நோயாளியிடம் முதலில் செய்தது அதுவே.