வானம்பாடி யாருடைய மெட்டு? கிரிகோராஷ் டினிக்குவின் வாழ்வும் ரோமா இசையின் வழக்கும்

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில், லாவுத்தர்கள் எனப்படும் தொழில்முறை இசைக்கலைஞர்கள் வாழ்ந்த பகுதியில், 1889 ஏப்ரல் 3 அன்று கிரிகோராஷ் டினிக்கு பிறந்தார். ஐரோப்பிய இசையுலகம் அவரை ‘ஹோரா ஸ்டக்காட்டோ’ என்ற மூன்று நிமிடத்திற்கும் குறைவான வயலின் இசைக்காக நினைவில் வைத்திருக்கிறது. அவர் ரோமா இனத்தவர் என்பதையோ, அந்த அடையாளத்தின் பொருட்டு அவருக்கு ஒரு கதவு அடைக்கப்பட்டது என்பதையோ அதை வாசிப்பவர்களில் பலர் அறிந்திருப்பதில்லை. சட்டம் பயின்ற நாம் இசையைப் பற்றி எழுதப் புகுந்ததற்கு அதுவே காரணம்.

அவர் பிறப்பதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்புவரை அந்த மண்ணில் ரோமா மக்கள் விற்பனைப் பொருள்கள். வாலாக்கியா, மொல்தாவியா ஆகிய இரு சிற்றரசுகளிலும் அரசும் மடங்களும் போயார் எனப்பட்ட நிலப்பிரபுக்களும் அவர்களை அடிமைகளாக வைத்திருந்தனர். 40 ரோமா குடும்பங்கள் ஒரு மடத்துக்குத் தானமாக அளிக்கப்பட்டதை 1385ஆம் ஆண்டு ஆவணம் பதிவு செய்கிறது. ஏறத்தாழ 500 ஆண்டுகள் நீடித்த இம்முறை 1855இல் மொல்தாவியாவிலும் 1856இல் வாலாக்கியாவிலும் ஒழிக்கப்பட்டது. இழப்பீடு வழங்கப்பட்டது, உடைமையாளர்களுக்கு. விடுதலை பெற்றவர்களுக்கு நிலமும் இல்லை, ஈட்டுத்தொகையும் இல்லை.

போயார் மாளிகைகளில் வயலினும் லூட்டும் வாசித்தவர்களும் இந்த அடிமைகளே. விருந்துக்கும் திருமணத்துக்கும் சாவுக்கும் அவர்களின் இசை வேண்டும்; இசைத்தவரோ சமமாக உட்காரக் கூடாது. இந்திய வாசகருக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. ரோமானி மொழியின் வேர் இந்தியத் துணைக்கண்டத்தில் உள்ளது என்பது மொழியியலில் நிறுவப்பட்ட செய்தி. ‘ரோம்’ என்னும் சொல்லை, வட இந்தியாவில் இசையோடும் இழிவாகக் கருதப்பட்ட தொழில்களோடும் பிணைக்கப்பட்ட ‘டோம்’ என்னும் சாதிப்பெயரோடு மொழியியலாளர் பலர் தொடர்புபடுத்துகின்றனர். பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரு வரலாறுகளும் ஒன்றாகிவிடா என்ற எச்சரிக்கையோடுதான் இதை இங்கே குறிப்பிடுகிறோம்.

டினிக்குவின் குடும்பம் இசைக் குடும்பம். பாட்டனார் அங்கெலுஷ் டினிக்கு, நை என்னும் அடுக்குக்குழலை வாசித்தவர். வானம்பாடியின் குரலைக் குழலில் எழுப்பிக் காட்டும் ‘சோக்கர்லியா’ என்ற மெட்டு அவருடைய படைப்பாகக் கருதப்படுகிறது. சோக்கர்லியா என்றால் வானம்பாடி. பேரன் அதே மெட்டை வயலினுக்குக் கொண்டுவந்து புகழ்பெறச் செய்தார்.

சிறுவனாக இருந்தபோதே லாவுத்தர் மரபில் காதால் கேட்டுக் கற்ற டினிக்கு, பின்னர் புக்கரெஸ்ட் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் கார்ல் ஃபிளெஷ். இருபதாம் நூற்றாண்டு வயலின் கல்வியின் பெரும் பெயர்களுள் ஒன்று. காதால் கற்ற கலையும் தாளில் எழுதும் கலையும் ஒரே ஆளிடம் சேர்ந்தன. 1906இல் பட்டம் பெறும் வேளையில் தாம் வாசிப்பதற்காக டினிக்கு இயற்றியதே ‘ஹோரா ஸ்டக்காட்டோ’. ஹோரா என்பது கைகோத்து வட்டமாக ஆடும் ருமேனிய நடனம். வில்லைத் திருப்பாமல் ஒரே இழுப்பில் அடுத்தடுத்த சுரங்களை மணிமணியாக வெட்டி உதிர்ப்பதே அந்த இசையின் சவால். தேர்ந்த வயலின் கலைஞர்களும் அதைக் கண்டு தயங்குவர்.

இத்தகைய மாணவருக்கு வியன்னா இசைக் கல்லூரியில் மேற்படிப்பு உதவித்தொகை மறுக்கப்பட்டது. அவர் ரோமா என்பதே காரணம். அந்தக் கசப்பு வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு அகலவில்லை. திறமை இல்லை என்று சொல்ல வழியில்லாதபோது பிறப்பைக் காரணமாக்குவது எந்த நாட்டுக்கும் புதிதன்று. டினிக்கு புக்கரெஸ்டிலேயே தங்கினார். இசைக்குழுக்களை நடத்தினார், உணவகங்களிலும் விடுதிகளிலும் வாசித்தார், மேற்கு ஐரோப்பிய நகரங்களுக்கும் சென்றார். ஹைஃபெட்ஸ் புக்கரெஸ்டுக்கு வந்தபோது ‘ஹோரா ஸ்டக்காட்டோ’வைக் கேட்டு வியந்து, 1932இல் தம் வாசிப்புக்கேற்ப அதை மாற்றி அமைத்தார். இன்றும் இசைத்தாள்களில் டினிக்கு–ஹைஃபெட்ஸ் என்று இரு பெயர்களும் சேர்ந்தே அச்சாகின்றன.

இங்கேதான் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. டினிக்குவின் பெயர் ஏன் தப்பியது? அவர் கல்லூரிக்குச் சென்றவர். இசையை எழுதத் தெரிந்தவர். தம் பெயரைத் தாளில் இட்டவர். பாட்டனாரின் வானம்பாடி அவ்வாறு பறக்கவில்லை. ஜார்ஜ் எனெஸ்கு 1901இல் எழுதிய முதல் ருமேனிய ராப்சோடியின் உச்சப்பகுதியில் அந்த மெட்டு சுழன்றடிக்கிறது. அரங்கில் கேட்பவர் அதை ருமேனிய நாட்டுப்புற இசை என்றே கேட்கிறார். எனெஸ்குவைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. அவர் சிறுவயதில் முதன்முதலில் வயலின் கற்றதும் ஒரு லாவுத்தரிடமே. பேலா பார்ட்டோக்கின் 1915ஆம் ஆண்டு ‘ருமேனிய நாட்டுப்புற நடனங்கள்’ தொகுதியின் முதல் மெட்டும் ரோமா வயலின்காரர்கள் வாசிக்கக் கேட்டு எடுக்கப்பட்டது. தொகுதியின் தலைப்பு அவர்களை அறியாது.

பதிப்புரிமைச் சட்டம் எழுதப்பட்ட பெயரைத் தேடுகிறது. பெயர் கிடைக்காத இடத்தில் மரபு என்ற சொல்லை இட்டு நிரப்புகிறது. மரபான மெட்டை எவரும் எடுக்கலாம். எடுத்து மாற்றியமைத்தவருக்கோ அந்த மாற்றத்தின் மீது உரிமை பிறக்கிறது. வாசித்துக் காட்டியவருக்கு அன்றைய கூலியோடு கணக்கு முடிந்தது. சட்டத்தின் கண்ணில் இதில் திருட்டு எதுவும் நிகழவில்லை என்பதே நம்மை உறுத்துகிறது.

பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகள் இந்த வழக்கில் முக்கியமான சாட்சிகள். ஆனால் எதைச் சாட்சி சொல்கின்றன என்பதில் கவனம் தேவை. தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும். திருமண வீட்டில் ஆட்டம் ஓயும்வரை நீண்ட மெட்டு, அந்த அளவுக்குள் சுருங்கி ஒரே வடிவமாக உறைந்துவிட்டது. அதில் நாம் கேட்பது யார் வாசித்தார், எப்படி வாசித்தார் என்பதை. யார் முதலில் இயற்றினார் என்பதை அன்று. 1859இல் லிஸ்ட் தம் நூலில், ஹங்கேரிய இசை எனப்படுவது ரோமா மக்களின் படைப்பே என்றார். பார்ட்டோக் அதை மறுத்து, ரோமாக்கள் வாசிப்பவர்களே, இயற்றியவர்கள் ஹங்கேரியர்கள் என்றார். இருவருமே ரோமா மக்களைக் கேட்டு முடிவு செய்யவில்லை. வாசிப்பும் படைப்பும் வேறு வேறு என்ற எண்ணமே தாளில் எழுதும் உலகத்தின் எண்ணம்; லாவுத்தர் ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் மெட்டைப் புதிதாகச் செய்கிறார். எல்லா மெட்டுகளையும் ரோமாக்களுக்கே எழுதிவைக்க வேண்டும் என்று நாமும் வாதிடவில்லை. ருமேனிய உழவர்களின் பாட்டும் அதில் உண்டு. கலந்து உருவானதில் ஒரு தரப்பின் பெயர் மட்டும் விடுபட்டதே முறையீடு.

டினிக்கு இசையோடு நிற்கவில்லை. 1930களில் ருமேனிய ரோமாக்களின் பொதுச் சங்கம் உருவானபோது அதன் கௌரவத் தலைவராக இருந்தார். அடிமை என்ற பொருளும் ஏறிய ‘சிகான்’ என்ற சொல்லை விடுத்து, ‘ரோமா’ என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்ட இயக்கம் அது. பிறர் இட்ட பெயரை உதறித் தாமே ஒரு பெயரை எடுத்துக்கொள்வதன் பொருள் நம் வாசகர்களுக்குத் தெரியும். உலகக் கண்காட்சிகளில் ருமேனியாவைக் காட்சிப்படுத்தச் சென்றதும் இதே ரோமா இசைக்குழுதான்: 1937இல் பாரிஸ், 1939இல் நியூயார்க்.

மூன்றே ஆண்டுகள் கழித்து, 1942இல், அந்தோனெஸ்கு அரசு ஏறத்தாழ 25,000 ரோமாக்களை டிரான்ஸ்னிஸ்திரியாவுக்கு நாடு கடத்தியது. பசியிலும் குளிரிலும் டைபஸ் காய்ச்சலிலும் சுமார் 11,000 பேர் மாண்டனர். டினிக்கு புக்கரெஸ்டிலேயே இருந்தார். தேசத்தின் இசை என்று வெளிநாட்டில் காட்டப்பட்டவர்களின் உறவுகள், தேசத்துக்கு வேண்டாதவர்களாக அனுப்பப்பட்டனர்.

1949 மார்ச் 28 அன்று, அறுபதாம் பிறந்தநாளுக்கு ஆறு நாள் முன்பு, டினிக்கு புற்றுநோயால் இறந்தார். பொதுவுடைமை ஆட்சியில் அரசு நாட்டுப்புறக் குழுக்களில் லாவுத்தர்களுக்கு இடம் கிடைத்தது. அவர்கள் ரோமா என்பதைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. டினிக்குவுடன் வாசித்த நைக்கலைஞர் ஃபனிக்கா லூக்கா புக்கரெஸ்டில் இளையோருக்குக் குழல் கற்றுத்தந்தார். அங்கெலுஷின் வானம்பாடி அந்த வகுப்பறையில் மீண்டும் மூங்கிலுக்குத் திரும்பியது.