வட கடல் எண்ணெயும் ஏ.பி. மோலர் பெற்ற உரிமமும்

கொள்கலன் கப்பல்களால் உலகம் அறிந்த மெர்ஸ்க் குழுமத்தை உருவாக்கியவர் ஆர்னல்ட் பீட்டர் மோலர். 1876ஆம் ஆண்டு டென்மார்க்கின் டிராகோர் என்ற கடலோர ஊரில் பிறந்த இவர், 1904இல் கப்பல் தலைவரான தன் தந்தையுடன் சேர்ந்து ஸ்வென்போர்க் நகரில் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களது முதல் கப்பல், பிறர் பயன்படுத்திய ஒரு நீராவிக் கப்பல்.

ஆயினும் டென்மார்க்கின் வரி அரசியலில் மோலரின் பெயர் இன்றும் அடிபடுவதற்குக் காரணம் கப்பல்கள் அல்ல. 1962ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி, தனது 85ஆவது வயதில், நாட்டின் நிலத்தடி எண்ணெய், எரிவாயு அனைத்தையும் தேடி எடுக்கும் உரிமத்தை 50 ஆண்டுகளுக்கு அவர் பெற்றார். போட்டி ஏலம் எதுவும் நடைபெறவில்லை. ஜெர்மன் நிறுவனம் ஒன்று ஆர்வம் காட்டியதை அடுத்து, நாட்டின் வளம் டென்மார்க் நாட்டவரிடமே இருக்கவேண்டும் என்று அவர் முனைந்ததாகக் கூறப்படுகிறது. மறு ஆண்டு வட கடலின் கடலடிப் பரப்பும் இந்த உரிமத்திற்குள் வந்தது. அதற்கு முன்னர் துளையிட்டுத் தேடியவர்கள் வெறுங்கையுடன் திரும்பியிருந்ததால், அரசு எதையோ இழப்பதாக அன்று பலர் கருதவில்லை.

எண்ணெயைக் காணாமலேயே 1965 ஜூன் மாதம் மோலர் காலமானார். மறு ஆண்டே எண்ணெய் கண்டறியப்பட்டது. 1972இல் உற்பத்தி தொடங்கியது. இதனிடையே அண்டை நாடான நார்வே, தன் கடற்பரப்பைப் பகுதிகளாகப் பிரித்துப் பல நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கி, 1972இல் அரசு எண்ணெய் நிறுவனத்தையும் அமைத்தது. டென்மார்க்கிலோ, கடலடியில் உள்ளதைப் பற்றி நன்கு அறிந்த உரிமதாரருடனேயே அரசு பேரம் பேச வேண்டியிருந்தது.

1981இல் பரப்பின் பெரும்பகுதியைத் திருப்பித்தர நிறுவனம் இணங்கியது. 1982இல் 70 சதவீதச் சிறப்பு வரி விதிக்கப்பட்டது. ஆனால் முதலீட்டில் ஆண்டுக்கு 25 சதவீதத்தைப் பத்து ஆண்டுகளுக்குக் கூடுதலாகக் கழித்துக்கொள்ள அதே சட்டம் இடமளித்ததால், அந்த வரி நெடுங்காலம் பெயரளவிலேயே இருந்தது. ஏழை நாடுகளின் கனிம வருவாய் கள்ளத்தனமாக வெளியேறுவது போன்றதல்ல இது. இங்கு எல்லாமே சட்டப்படிதான் நடந்தது.

2003இல் செய்யப்பட்ட உடன்பாடு, வரிச் சலுகையைக் குறைத்து அரசுக்கு 2012 முதல் 20 சதவீதப் பங்கை அளித்தது. பதிலுக்கு உரிமம் 2042 வரை நீண்டது. பின்னாளில் வரியை உயர்த்தினால் அரசு ஈடு செய்யவேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. 2018இல் மெர்ஸ்க் தன் எண்ணெய்ப் பிரிவை பிரான்சின் டோட்டல் நிறுவனத்திற்கு விற்றது. டென்மார்க் நாட்டவரிடம் இருக்கவேண்டும் என்று மோலர் பெற்ற உரிமத்தின் கீழ் எண்ணெய் எடுக்கும் பணியை அதன் பின்னர் நிர்வகித்து வருவது அந்த பிரெஞ்சு நிறுவனமே.