நெஞ்சில் வைத்த குழாய்

நெல்லித்தோப்பில் ஒரு பாட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது எழுபதுக்கு மேல். நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. மல்லாந்து படுக்க முடியவில்லை. தலைக்கு இரண்டு, மூன்று தலையணை வேண்டும். மாலையானால் கால் வீங்குகிறது. வயதானால் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள்.

ஒருநாள் இரவு மூச்சுத் திணறி எழுந்து உட்காருகிறார். அப்புறம்தான் டாக்டர் வீட்டு ஞாபகம் வருகிறது!

டாக்டர் கழுத்தில் தொங்கும் குழாயை எடுத்துப் பாட்டியின் மார்பிலும் முதுகிலும் வைத்துக் கேட்கிறார். அந்தக் குழாயைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? ஒரு பிரெஞ்சுக்காரர். பெயர், ரெனே லாயனெக்.

அவர் 1781-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி பிரான்சில் கெம்பேர் என்ற ஊரில் பிறந்தார். ஐந்து வயதில் தாயைக் காசநோய் கொண்டுபோயிற்று. நாந்த் நகரில் டாக்டராக இருந்த தந்தையின் சகோதரர் அவரை வளர்த்தார். 1801-ல் பாரிசுக்குப் போய், நெப்போலியனின் டாக்டரான கொர்விசாரிடம் வைத்தியம் படித்தார்.

அந்தக் காலத்தில் மார்பு நோயைக் கண்டறிய வழிகள் குறைவு. குடத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரலால் மார்பைத் தட்டிப் பார்ப்பார்கள். அல்லது காதை மார்பில் வைத்துக் கேட்பார்கள்.

1816-ல் பாரிஸ் நெக்கர் ஆஸ்பத்திரி. லாயனெக்கிடம் ஓர் இளம்பெண் வந்தாள். இதய நோயின் அறிகுறிகள் இருந்தன. பருத்த உடம்பு, தட்டினால் ஒன்றும் புலப்படவில்லை. வயதுப் பெண்ணின் மார்பில் காதை வைப்பது எப்படி? லாயனெக் தயங்கினார்.

மரத்துண்டின் ஒரு முனையைக் குண்டூசியால் கீறினால், மறுமுனையில் காதை வைத்தவருக்கு அது நன்றாகக் கேட்கும். அது நினைவுக்கு வந்தது. (குழந்தைகள் அப்படி விளையாடுவதைத் தெருவில் பார்த்தார் என்றும் ஒரு கதை உண்டு.) காகிதங்களை இறுக்கிச் சுருட்டினார். ஒரு முனையை அவள் மார்பில் வைத்தார். மறுமுனையில் தன் காதை வைத்தார்.

என்ன ஆச்சரியம்! வெறுங்காதால் கேட்பதைவிட இதயத் துடிப்பு தெளிவாகக் கேட்டது!

பிறகு மரத்தில் குழாய் செய்தார். தாமே கடைசல் பிடித்தார். ஸ்டெதாஸ்கோப் என்று பெயரிட்டார். எந்த நோய்க்கு எந்த ஒலி என்று நோயாளி நோயாளியாகக் குறித்துவைத்தார். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து, தாம் கேட்டது சரியா என்று சோதித்தார். 1819-ல் நூல் வெளிவந்தது.

ஒரு தவறும் செய்தார். இதயம் லப், டப் என்று ஒலிக்கிறது அல்லவா? அந்த டப், இதயத்தின் மேலறைகள் சுருங்கும் ஓசை என்று எண்ணினார். உண்மையில் அது, இதயம் சுருங்கி முடித்துத் தளரத் தொடங்கும்போது வால்வுகள் மூடும் ஓசை. பிற்பாடு வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள்.

பாட்டியின் கோளாறு அந்தத் தளர்ச்சியில்தான்! இதயம் சுருங்கும்போது ரத்தத்தை வெளியே தள்ளுகிறது, தளரும்போது நிரப்பிக்கொள்கிறது. பாட்டியின் இதயம் நன்றாகத்தான் சுருங்குகிறது. ஆனால் தசை விறைத்துப்போனதால் சரியாக விரியவில்லை. உள்ளே இடம் கிடைக்காத ரத்தம் பின்னால் தேங்குகிறது. நுரையீரலில் நீர் கசிகிறது. டாக்டரின் குழாயில் கரகரவென்று கேட்பது அதுதான்.

பல ஆண்டு ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், உடல் பருமன், முதுமை ஆகியவை இதற்குக் காரணம். பெண்களுக்கு அதிகம் வருகிறது. குழாய் சந்தேகத்தைக் கிளப்பும். எக்கோ என்னும் படம் எடுத்துப் பார்த்து உறுதி செய்வார்கள். உப்பைக் குறைக்க வேண்டும். ரத்தக் கொதிப்பை அடக்க மாத்திரை, தேங்கிய நீர் சிறுநீராய்ப் பிரிய மாத்திரை தருவார்கள். சர்க்கரை நோய்க்கென்று வந்த சில மாத்திரைகளும் இந்த நோயாளிகளுக்கு உதவுவது அண்மை ஆண்டுகளில் தெரிந்தது.

லாயனெக்கின் முடிவு சோகமானது. தாயைக் கொன்ற நோய் அவரையும் பிடித்தது. 1826-ல் பாரிசை விட்டுச் சொந்த நாட்டுப்புறத்துக்குத் திரும்பினார். டாக்டரான மெரியாதெக் என்ற உறவுக்கார இளைஞர், அதே குழாயை அவர் மார்பில் வைத்துக் கேட்டார். கேட்டதைச் சொன்னார். எத்தனையோ பேர் நெஞ்சில் லாயனெக் கேட்ட ஒலிகள் அவை! அவருக்கு விளங்கிவிட்டது.

ஆகஸ்டு 13-ந் தேதி இறந்தார். வயது 45. தம் ஸ்டெதாஸ்கோப்பை மெரியாதெக்குக்கு எழுதிவைத்திருந்தார்.