கான் சாகிப் கையில் இருந்த துப்பாக்கி

மருதநாயகம்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது, 1997-ல் இங்கிலாந்து ராணி வந்து தொடக்க விழா நடந்தும் இன்னும் முடியாத கமல் படம்தான். ஆனா அந்த மனுஷனோட கதையில் நம்ம செங்கல்பட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

1725 வாக்கில் இராமநாதபுரம் சீமை பனையூரில் பிறந்து, பிறகு இஸ்லாத்தைத் தழுவி யூசுப்கான் ஆனவர். கப்பலில் வந்த வெள்ளைக்காரர்களை மட்டும் வச்சு பிரெஞ்சுக்காரர்களைச் சமாளிக்க முடியாத கிழக்கிந்தியக் கம்பெனி, நம்மூர் ஆட்கள் கையில் துப்பாக்கி கொடுத்து, டிரில் பழக்கி, சம்பளம் போட்டு சிப்பாய்கள் ஆக்கியது. திருச்சிப் போர்களில் உணவு வண்டிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து பேர் வாங்கிய யூசுப்கான், அந்தச் சிப்பாய்களுக்கெல்லாம் கமாண்டன்ட் ஆனார்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். செங்கல்பட்டுக் கோட்டையைப் பிடிக்காமல் பின்னால் விட்டுட்டு வந்ததுதான் அவர் செய்த தப்பு. புதுச்சேரியிலிருந்து அவருக்கு வரவேண்டிய சரக்கு, ஒண்ணு செங்கல்பட்டுப் பக்கமா வரணும், இல்லேன்னா சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம்னு கடற்கரையோரமா வரணும். செங்கல்பட்டில் கேப்டன் பிரஸ்டன் இருந்தார். தெற்கேயிருந்து யூசுப்கான் சிப்பாய்களோடு வந்து சேர்ந்தார். ரெண்டு பேரும் லாலியின் முதுகுப்பக்கம் நின்று ஓயாமல் தொல்லை கொடுத்தாங்க. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்ததும் லாலி முற்றுகையை விட்டுப் போனார்.

அதே வருஷம் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆளும் பொறுப்பு யூசுப்கானுக்குக் கிடைச்சது. சிக்கலும் அங்கேதான். ஆற்காடு நவாபுக்கு அடங்கி நடக்கணும்னு கம்பெனி சொன்னது. அவர் ஒத்துக்கலை. சொந்தமாகப் படை திரட்டினார், பிரெஞ்சுக்காரர்களைச் சேர்த்துக்கிட்டார். கம்பெனிக்காகத் தூக்கினப்போ வீரம்னு பேர் வாங்கிய துப்பாக்கி, தனக்காகத் தூக்கினதும் கலகம் ஆயிடுச்சு.

1763-ல் மதுரையை முற்றுகையிட்ட கம்பெனிப் படை பின்வாங்கியது. 1764-ல் திரும்ப வந்தது. செங்கல்பட்டில் கூட நின்ன அதே பிரஸ்டன் இப்போ எதிர்ப்பக்கம். முற்றுகையில் பட்ட காயத்தில் அவர் இறந்தார். கோட்டைக்குள் சோறு தீர்ந்தது. கடைசியில் சொந்த ஆட்களே யூசுப்கானைப் பிடிச்சுக் கொடுத்தாங்க. 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவர் தர்கா இருக்கு.

இன்னைக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தைக் காவல் காக்கும் சி.ஐ.எஸ்.எஃப். வீரர் கையில் இருக்கிற துப்பாக்கியும் அவருடையது இல்லை, அரசு கொடுத்தது. எப்போ சுடலாம்னு சட்டம்தான் சொல்லணும். அது சரிதான். காவல் நிற்கிறவர் அவரவர் இஷ்டத்துக்குச் சுட ஆரம்பிச்சா ஊர் தாங்காது. ஆனா யூசுப்கான் காலத்தில் துப்பாக்கி கொடுத்தது ஒரு வியாபாரக் கம்பெனி. அதைக் கேள்வி கேட்க இங்கே யாருக்கும் வழி இல்லை. இப்போ கொடுக்கிறது நாம ஓட்டுப் போட்டு உட்கார வச்ச அரசு. காவலர் துப்பாக்கி எதுக்காக, யார்மேல் திரும்புதுன்னு கேட்க நமக்கு உரிமை இருக்கு. அந்தக் கேள்வியைக் கேட்காம விட்டா, நமக்கும் அந்தக் காலத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.