கண்ணம்பாடி அணையும் விசுவேசுவரையாவும்

குடகு மலையில் தலைக்காவிரியில் ஊற்றெடுக்கும் காவிரியாறு, கன்னட நாட்டைக் கடந்து தமிழகத்துள் புகுந்து, சோழ வளநாட்டை வளஞ்செய்து கடலொடு கலக்கின்றது. ஆறு ஒன்றே, ஆயினும் அதன் கரையில் வாழ்வோர் பல நாட்டினர். மேல்நாட்டார் நீரைத் தேக்க முற்படின் கீழ்நாட்டார் அஞ்சுவர். இவ்விரு சாராரிடையே நின்று, ஒரு பேரணை கட்டுதற்கு இசைவு வேண்டிப் பல்லாண்டு உழைத்தவர் மோட்சகுண்டம் விசுவேசுவரையா ஆவார்.

இவர் 1861ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள், மைசூர் நாட்டில் சிக்கபள்ளாப்பூரை அடுத்த முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சீனிவாச சாத்திரியார் வடமொழி வல்லவர். முன்னோர் வாழ்ந்த ஊர் கர்நூல் பகுதியைச் சார்ந்த மோட்சகுண்டம். அவ்வூர்ப் பெயரே குடிப்பெயராய் நிலைத்தது. இளமையிலேயே தந்தையாரை இழந்த இவர், வறுமையோடு போராடிக் கல்வி கற்க நேர்ந்தது. பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பயின்ற காலத்துக் குடகைச் சார்ந்த ஒரு குடும்பத்துச் சிறுவர்க்குப் பாடஞ்சொல்லி, அதனால் வந்த பொருளைக் கொண்டு தம் படிப்பை நடத்தினார். காவிரி பிறக்கும் நாட்டாரது உப்பை உண்டு வளர்ந்தவரே பிற்காலத்து அக்காவிரியைத் தேக்கினார் என்பது எண்ணி வியத்தற்குரியது.

1881இல் பி. ஏ. பட்டம் பெற்ற பின், மைசூர் அரசினர் தந்த உதவிச் சம்பளத்துடன் புனாவுக்குச் சென்று பொறியியல் பயின்று, 1883இல் முதல்வராகத் தேறினார். மறு ஆண்டே பம்பாய் மாகாண மராமத்து இலாகாவில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினார். புனாவை அடுத்த கடக்வாசலா ஏரியில், வெள்ளம் மிகும்போது தாமே திறந்து, வடியும்போது தாமே மூடிக்கொள்ளும் மதகுக் கதவுகளை 1903இல் அமைத்தது அவர் நுண்ணறிவுக்குச் சான்றாகும். கரையை உயர்த்தாமலே ஏரியின் கொள்ளளவை உயர்த்தும் உபாயம் இது. 1908இல் மூசியாற்று வெள்ளம் ஐதராபாத் நகரைச் சூறையாடியபோது, மீண்டும் அத்தகைய கேடு நேராவண்ணம் திட்டம் வகுத்துத் தந்தவரும் இவரே.

1909இல் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார், விசுவேசுவரையாவைத் தம் நாட்டின் தலைமைப் பொறியாளராக அழைத்துக் கொண்டார். அக்காலத்துச் சிவசமுத்திர அருவியினின்று மின்னாற்றல் பெற்றுக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பி வந்தனர். கோடைக் காலத்தில் ஆற்றில் நீர் குறையும். நீர் குறைந்தால் மின்னாற்றலும் குறையும். ஒருபுறம் இவ்விடர். மற்றொருபுறம், மண்டியாவைச் சூழ்ந்த நிலங்கள் ஆறு அருகே ஓடியும் வானம் பார்த்துக் கிடந்தன. இவ்விரு குறையையும் ஓர் அணையால் நீக்கலாம் என்று விசுவேசுவரையா கண்டார். சீரங்கப்பட்டணத்துக்கு மேற்கே கண்ணம்பாடி என்னும் ஊரருகே, 4,150 கோடி கன அடி நீர் கொள்ளும் ஒரு நீர்த்தேக்கத்துக்குத் திட்டம் வரைந்தார். அவ்விடத்தே அணை கட்டத் திப்பு சுல்தானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தான் என்பதை, அங்குக் கிடைத்த பாரசீகக் கல்வெட்டு அறிவிக்கின்றது.

திட்டம் வரைதல் எளிது. இசைவு பெறுதலே அரிது. முதல் தடை சொந்த நாட்டிலேயே எழுந்தது. இத்துணைப் பெரும் பொருளை ஓர் அணையில் கொட்டுவது தகுமா என்று நிதித்துறையார் ஐயுற்றனர். ஆணை வரக் காலம் தாழ்த்தது. ஊக்கம் இழந்த விசுவேசுவரையா, புதியன எவற்றையும் முன்மொழியாமல் ஒதுங்கியிருந்தார். அதனைக் கண்ட மன்னர் அவரை அழைத்துக் காரணம் வினவினார். தம் மனக்குறையை அவர் மறையாது எடுத்துரைத்தார். மன்னர் அதனைப் பொறுமையோடு கேட்டு, 1911இல் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார். மேலோர் முன் குறையை மறைத்து முகமன் கூறுவோர் பலர். இவர் அவ்வினத்தைச் சார்ந்தவர் அல்லர்.

இரண்டாவது தடை சென்னையிலிருந்து வந்தது. அதனை உணரச் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். 1892ஆம் ஆண்டில் மைசூர் அரசும் சென்னை மாகாண அரசும் ஓர் உடன்படிக்கை செய்திருந்தன. அதன்படி, காவிரி முதலான ஆறுகளில் மைசூரார் புதிய நீர்த்தேக்கம் அமைக்க விரும்பினால் முன்னதாகச் சென்னை அரசின் இசைவைப் பெறல் வேண்டும். சென்னை அரசோ, கீழ்நாட்டார்க்கு முன்பே உள்ள நீருரிமையைக் காத்தற்பொருட்டன்றி அவ்விசைவை மறுத்தல் கூடாது. இணக்கம் ஏற்படாவிடில் நடுவரிடம் செல்லலாம். இவ்வுடன்படிக்கையின்படியே 1910இல் மைசூர் அரசு சென்னைக்கு விண்ணப்பம் செய்தது.

சென்னை அரசு இசையவில்லை. அதனை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடல் நேர்மையாகாது. தஞ்சைத் தரணியில் ஏறத்தாழப் பத்து இலட்சம் ஏக்கர் நிலம் காவிரியையே நம்பியிருந்தது. ஆனி, ஆடித் திங்கள்களில் குடகில் பெய்யும் மழை நீர் உரிய காலத்தில் கல்லணையை அடைந்தால்தான் குறுவை நடவு நடைபெறும். அந்நீரை மேலே தேக்கிவிட்டால், ஆடிப் பதினெட்டில் பெருக்கு ஏது? நாற்றங்கால் காய்ந்த உழவன் எந்த உடன்படிக்கையைப் படித்து ஆறுதல் கொள்வான்? மேலும், மேட்டூரில் தானும் ஓர் அணை கட்டச் சென்னை அரசு கருதியிருந்தது.

வழக்கு இந்திய அரசின்முன் சென்றது. முதற்கண் 1,100 கோடி கன அடி நீர் தேக்கும் அளவுக்குச் சிறிய அணை கட்டிக்கொள்ள மட்டும் மைசூருக்கு இசைவு கிடைத்தது. 1911ஆம் ஆண்டு இறுதியில் வேலை தொடங்கிற்று. இங்கேதான் விசுவேசுவரையாவின் துணிவைக் காண்கிறோம். கல்லணை ஒன்றின் உயரத்துக்குத் தக்கபடி அதன் அடியகலம் அமைதல் வேண்டும். குறுகிய அடிப்படையின்மேல் பின்னர் உயர எழுப்பின், தேங்கிய நீரின் அழுத்தம் சுவரைச் சாய்த்துவிடும். ஆதலால் முழு உயரத்துக்குரிய அகலத்திலேயே அவர் அடிப்படையை இடுவித்தார். முழு இசைவு கிடையாமற் போயின், மண்ணுள் புதைத்த பெரும்பொருள் வீணாகும். கிடைத்தாலோ, மீண்டும் தொடக்கத்திலிருந்து கட்ட வேண்டுவதில்லை. பெற்ற இசைவு சிறிதாயிருக்கப் பெரிதுக்கு அடிகோலுதல் முறையோ என்று கீழ்நாட்டார் கேட்பின், அக்கேள்வியைப் பிழையென்று சொல்ல இயலாது. பொறியாளர் என்ற முறையில் அவர் செய்தது அறிவுடைமையே. அண்டை நாட்டார் நெஞ்சில் அது ஐயத்தை விளைத்தால் அதுவும் இயல்பே.

1912இல் விசுவேசுவரையா மைசூரின் திவானாக உயர்ந்தார். பின்னர், அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி கிரிபின் என்பவர் நடுவராக அமர்த்தப்பட்டார். நீர்ப்பாசனத் தலைமை அதிகாரி நெதர்சோல் அவருக்குத் துணையிருந்தார். 1913இல் தொடங்கிய உசாவல் மறு ஆண்டு மே மாதம் முடிவுற்றது. மைசூர் பெரிய அணையையே கட்டலாம், ஆயினும் கீழ்நாட்டுக்குரிய நீரை முதலில் விட்ட பின்னரே தேக்கல் வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். கீழே செல்லும் நீரை அளந்தறியத் திருச்சிராப்பள்ளியை அடுத்த மேலணையையே அளவிடமாகக் கொண்டனர். 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய அணையன்றோ அது!

இந்திய அரசு 1916இல் இத்தீர்ப்பை ஏற்றது. சென்னை அரசு மனநிறைவு கொள்ளாது இலண்டனில் இருந்த இந்தியா மந்திரியிடம் முறையிட்டது. 1919இல் தீர்ப்பு நடைமுறைக்கு வராது நிறுத்தப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே விசுவேசுவரையா திவான் பதவியைத் துறந்துவிட்டார். அந்த ஆறாண்டுப் பதவிக் காலத்தில் மைசூர் வங்கி, மைசூர்ப் பல்கலைக்கழகம் முதலியன தோன்றின. பத்திராவதி இரும்பாலைக்கும் வித்திடப்பட்டது. அணைக்குரிய முழு இசைவு மட்டும் அவர் பதவியிலிருந்தபோது கைகூடவில்லை.

இரு மாகாணத்துப் பொறியாளர்களும் பலமுறை கூடி, நீர் விடும் விதிகளை 1921இல் வகுத்தனர். 1924ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் உடன்படிக்கை நிறைவேறிற்று. விண்ணப்பம் செய்து பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. கண்ணம்பாடியில் 124 அடி உயரம்வரை, அதாவது 4,482 கோடி கன அடிக்கு மேலாக, நீர் தேக்க மைசூருக்கு உரிமை கிடைத்தது. அதன்கீழ் 1,25,000 ஏக்கரில் புதிய பாசனம் செய்யலாம். மேட்டூரில் 9,350 கோடி கன அடி கொள்ளும் அணை கட்டி 3,01,000 ஏக்கரில் புதிதாகப் பாசனம் செய்யச் சென்னை உரிமை பெற்றது. எனவே, தமிழ்நாட்டின் மேட்டூர் அணையும் இவ்வழக்கின் பயனாய் எழுந்ததே எனலாம். அதன் வேலை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது.

கண்ணம்பாடி அணை 1931இல் நிறைவெய்தி, மன்னர் பெயரால் கிருஷ்ணராஜ சாகரம் என வழங்கலாயிற்று. நீளம் ஏறத்தாழ 8,600 அடி. சிமிட்டியைக் கொண்டன்றிச் சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிச் சாந்தினால் கட்டப்பெற்றது. முன்னர்ப் புனாவில் பயன்பட்ட தானியங்கிக் கதவுமுறை இங்கும் இடம்பெற்றது. மண்டியாவில் கரும்பும் நெல்லும் விளைந்தன; 1933இல் சர்க்கரை ஆலையும் எழுந்தது. எனினும், தேங்கிய நீருள் கண்ணம்பாடி ஊரும் அதனைச் சூழ்ந்த பல ஊர்களும் மூழ்கின; அங்கு வாழ்ந்தோர் வேறிடம் பெயர்ந்தனர். வேணுகோபாலர் கோயிலும் நீருள் ஆழ்ந்தது. வறட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது அது வெளியே தலைகாட்டும். பல்லாண்டுகளுக்குப் பின் அக்கோயிலின் கற்களைப் பெயர்த்தெடுத்து மேட்டுநிலத்தில் மீண்டும் எழுப்பினர்.

1924இன் உடன்படிக்கையோடு வழக்கு ஒழிந்ததன்று. 1990இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்து 2007இல் இறுதித் தீர்ப்புரைத்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதனைத் திருத்தியமைத்தது.

1955இல் விசுவேசுவரையா பாரத ரத்தினா விருது பெற்றார். நூறாண்டைக் கடந்து வாழ்ந்து, 1962ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பெங்களூரில் காலமானார். அவர் நினைவிடம் பிறந்த ஊராகிய முத்தேனஹள்ளியில் உள்ளது.